கழித்த கூடுகள்

ஆர்டித் ஸ்கார் இருக்கும் இடத்தில் இருக்கமாட்டாள். உடம்பு இங்கே நிற்கும், ஆள் எங்கேயோ போயிருப்பாள். தானியக் கிடங்கில் எடை போடுகிறவளுக்கு இப்படி ஒரு குணம் இருக்கலாமா என்றால், இருக்கக் கூடாதுதான். ஓர் அறுவடையின்போது கோதுமை லாரியோடு சேர்த்து, எடை மேடைமேல் நின்று வம்பளந்துகொண்டிருந்த இரண்டு விவசாயிகளையும் நிறுத்துச் சீட்டு கொடுத்துவிட்டாள். இரண்டு பேரும் லேசுப்பட்ட உடம்புக்காரர்கள் இல்லை. ஊர் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறது. ஆர்டித்தும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

"ஆர்டித் உள்ள இருக்காளா, வெளியூர் போயிட்டாளா?" என்று அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக் கேட்பான் புருஷன் நார்வல். கல்யாணமான புதிதிலிருந்து அதே கேள்வி.

"இப்பதான் வந்து எறங்கினேன். என்ன வேணும், சொல்லு," என்பாள் அவள்.

இப்படிப்பட்டவளிடம் போய்த் தோட்டாக் கூடுகளை ஒப்படைத்திருக்கிறானே, இவனுக்கு என்ன துணிச்சல் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். மசல்ஷெல் ஆற்றுப் பக்கத்து மனிதர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். அங்கே சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை. பனியில் விழுந்தால்கூட மண்டி போட்டுத் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள். வீட்டுக்கு வீடு வண்டிக் கொட்டகையில் ஒரு மேசை, மேசையில் ஒரு கை எந்திரம். கூட்டைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு இறுக்கி, புது வெடிமருந்தும் குண்டும் போட்டால் மறுபடி தோட்டா. ஸ்கார் வீட்டில் மருந்தும் குண்டும் நார்வல் வேலை. கூடு ஆர்டித் வேலை. எடை மேடையில் கோட்டை விடுகிறவள், கூடு விஷயத்தில் ஒருநாளும் கோட்டை விட்டதில்லை. அது எப்படி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்குக் காரணம் துப்பாக்கி இல்லை, சத்தம். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் நார்வல் கொட்டகையில் எதையோ ஓடவிட்டுவிட்டு வெளியே போயிருந்தான். மூடி போட்ட ஒரு தொட்டி தானாக அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே வால்நட் ஓட்டுப் பொடி, அதற்குள் அழுக்கேறிய கூடுகள். பொடி மெல்ல மெல்லச் சுழன்று கூடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இதுதான் கடல் போலிருக்கிறது என்று ஆர்டித்துக்குத் தோன்றியது. அவள் பிறந்தது வானம் பார்த்த கோதுமைக் காட்டில், கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்றுவரைக்கும் பார்த்ததில்லை. மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றவள், நார்வல் திரும்பி வந்து தோளைத் தொட்டபோதுதான் கரையேறினாள்.

"இந்த வேலைய எனக்குக் குடுத்துடு," என்றாள்.

"எடுத்துக்கோ. எனக்கு அதுலதான் தூக்கம் வரும்," என்றான் அவன்.

அப்படித்தான் அது அவள் வேலை ஆயிற்று.

இந்த வருஷம் வசந்தத்தில் நார்வலுக்கு நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்தார்கள். நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது டாக்டர், "இனிமே உடம்பு சொல்றதக் கேட்டு நடங்க," என்று சொல்லி அனுப்பினார். அவர் சொல்லியிருக்கவே கூடாது. நார்வல் உடம்பு என்ன சொன்னது என்பதை நார்வல்தானே நமக்குச் சொல்லவேண்டும்? கோடை முழுக்க அவன் உடம்பு அவனுக்குச் சாதகமாகவே பேசிக்கொண்டிருந்தது. புல் கட்டைத் தூக்கு என்றது, தூக்கினான். வேலிக் கம்பம் நடு என்றது, நட்டான். அக்டோபர் வந்ததும், எப்போதும்போல எல்க் மான் வேட்டைக்கு மலையேறு என்று சொல்லிவிட்டது.

கஸ் பெர்டோலியோ ஒருநாள் மத்தியானம் குதிரை லாடக்காரனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் வந்து உட்கார்ந்தான். சுரங்கத்தில் வேலை செய்ய வந்த இத்தாலிக்காரக் குடும்பம் அவனுடையது. நார்வலும் அவனும் வாலிபத்திலிருந்து சேர்ந்துதான் மலையேறுகிறார்கள். ஆர்டித் சுட்டு வைத்திருந்த ஆப்பிள் பலகாரத்தைப் பாதி காலி செய்துகொண்டே பேசினான்.

"குதிரை ரெடி, கூடாரம் ரெடி. நீ எப்படிடா? அந்த லெஸ்டர் மாதிரி கடைசி நேரத்துல முட்டி வலிக்குதுன்னு சொல்லிடமாட்டியே?"

லெஸ்டர் பாவம். ஒரு வருஷம் முட்டிவலி என்று சொல்லி மலைக்குப் போகாமல் நின்றான். அன்றைக்கு அவன் பெயர் முட்டி லெஸ்டர் ஆனது. அவன் முட்டி குணமாகி, பேரன் பேத்தி எடுத்து, கிறிஸ்துமஸ் நடனத்தில் ஆடிக் காட்டினாலும் காபிக் கடையில் அவன் முட்டி லெஸ்டர்தான். பனிப்புயல் வந்தது, குதிரை நொண்டியது, துப்பாக்கி பழுது என்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். உடம்பு முடியவில்லை என்று ஒருவன் வாய் திறந்தால் அவன் கதை அதோடு முடிந்தது. அப்படி ஒரு கிறுக்கு ஊர்.

"என் முட்டிக்கு என்னடா, கல்லு மாதிரி இருக்கு," என்றான் நார்வல். சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு ஆர்டித்தைப் பார்த்து, தினமும் கேட்பதுபோல, "கூடு முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"தொட்டில ஓடுது," என்றாள் ஆர்டித். "கஸ், இன்னும் ஒரு துண்டு வைக்கட்டுமா?"

வாயில் வந்தது அது இல்லை. போகவேண்டாம் என்றுதான் வந்தது. ஆனால் அந்த வீடுகளில் அப்படியெல்லாம் பேசுவதில்லை. விடிவதற்குள் அவள் காரின் கண்ணாடியிலிருந்து பனியை அவன் வழித்து வைப்பான். அவன் கையுறையில் கிழிசல் விழுந்தால் கேட்காமலே அவள் தைத்து வைப்பாள். பிரியம் என்றால் அங்கே அவ்வளவுதான், அதற்குமேல் வாய்விட்டுச் சொன்னால் இருவருக்குமே கூச்சமாகிவிடும். அதனால் ஆர்டித் இன்னொரு துண்டை வெட்டி வைத்தாள். கஸ் அதையும் தின்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்தபின், அவள் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நார்வல் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். தொட்டியை நிறுத்திக் கூடுகளைச் சல்லடையில் கொட்டிக் குலுக்கினாள். பொடி கீழே உதிர, கூடுகள் மேலே பளபளத்தன. ஜன்னல் வழியாக வந்த வெயில் அவற்றின்மேல் விழுந்து, தகரக் கூரையின் உட்புறத்தில் மஞ்சள் வெளிச்சம் அலைந்தது. ஆர்டித் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாராவதாக இருந்தால் வேலையை ஆரம்பித்திருப்பார்கள்.

முதலில் கம்பி. கூடுகளைப் பார்ப்பதற்கென்றே அவள் வைத்திருக்கும் மெல்லிய கம்பி, நுனி கொக்கிபோல வளைந்திருக்கும். நார்வலின் துப்பாக்கி அடியில் நெம்புகோல் வைத்த பழைய ரகம். அந்த ரகம் கூட்டைக் கொஞ்சம் இழுத்துவிடும். இழுத்து இழுத்து, கூட்டின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே உள்சுவர் மெலியும். வெளியே ஒன்றும் தெரியாது. கம்பியை உள்ளே விட்டு நுனியைச் சுவரோடு மேலே இழுத்தால், மெலிந்த இடத்தில் நுனி லேசாகப் பள்ளத்தில் விழுந்து ஏறும். விழுந்தால் அந்தக் கூடு ஆகாது. அதில் மருந்து போட்டுச் சுட்டால் நடுவில் பிய்ந்துகொண்டு சூடான புகை ஆளின் முகத்துக்கே திரும்பும். ஆகாத கூட்டைச் சும்மா தூக்கிப் போடவும் கூடாது. எவனாவது எடுத்து நிரப்பிவிடுவான். அதனால் குறடால் வாயை நசுக்கித் தகர டப்பாவில் போடுவார்கள். நசுக்கிய கூட்டைப் பற்றி அந்தப் பக்கத்தில் மறுபேச்சுக் கிடையாது.

முதல் கூட்டில் கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது. நல்ல கூடு. இரண்டாவதும் நல்லது. கண்ணை மூடிக்கொண்டாள், கம்பி வேலைக்குக் கண் தேவையில்லை. விரலுக்குள் ஒரு சின்ன ஊர் திறந்துகொண்ட மாதிரி இருக்கும் அவளுக்கு. வழுவழுப்பான சுவர், வளைவு, மேடு. அந்த ஊருக்குள் அவள் நடந்து போவாள். எப்போதும் அங்கே இளவெயிலாக இருக்கும். செத்துப்போன தன் அக்காளைச் சில நாள் அங்கே பார்த்திருக்கிறாள், அக்காள் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கு அங்கே நார்வல் இருந்தான்.

மலைச் சரிவில் பைன் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தான். பனி கணுக்கால் வரைக்கும். நின்றான். தொப்பியைக் கழற்றினான். ஒரு மரத்தடியில் மெதுவாக உட்கார்ந்து, தொப்பியை முழங்கால்மேல் வைத்து, துப்பாக்கியைப் பக்கத்தில் சாய்த்துவைத்தான். முகத்தில் ஒரு வலியும் இல்லை. அழகான இடம்தான். வெயில் கிளைகளுக்கு ஊடாக இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்திரு நார்வல், என்று ஆர்டித் சொல்லிப் பார்த்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. தொப்பியின்மேல் பனி விழ ஆரம்பித்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.

கையில் ஏதோ நொறுங்கியது. கண்ணைத் திறந்தாள். குறடு கையில் இருந்தது. கூட்டின் வாய் சப்பையாகிக் கிடந்தது. நல்ல கூடு, ஐயோ, நல்ல கூடாயிற்றே! கம்பி அதில் எங்கேயும் விழவில்லை. எப்போது அதைக் கையில் எடுத்தாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

சப்பைக் கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து நார்வலின் குறட்டை கேட்டது. நெஞ்சைத் தைத்த பிறகு அவன் குறட்டையில் ஒரு இடைவெளி வந்திருந்தது. ஒரு மூச்சு போகும், அடுத்தது வரக் கொஞ்சம் தாமதிக்கும். அந்தத் தாமதத்தில் அவள் உயிர் போய் உயிர் வரும். ஆர்டித் அடுத்த கூட்டை எடுத்தாள். கம்பியை விட்டுப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. அதன் வாயில் குறடு வைத்து அழுத்தினாள்.

பிறகு நிறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் கம்பி விட்டுப் பார்த்தாள். அதை மட்டும் விடவில்லை. பார்த்து, நல்லது என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, நசுக்கினாள். அந்தப் பழைய அளவுக்குக் கடையில் தோட்டாவும் வராது, கூடும் வராது. எழுதிப்போட்டு வரவழைத்தால் வேட்டைக் காலம் முடிந்து ஆற்றில் பனிக்கட்டி உறைந்திருக்கும். இது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கடைசிக் கூடுவரைக்கும் நசுக்கினாள். கை வலித்தது. அழுகை வரவில்லை. தகரத்தை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய் உருளைக்கிழங்கு உரித்தாள்.

சாப்பாட்டு நேரத்தில்தான் சொன்னாள்.

"கூடெல்லாம் போச்சு, நார்வல்."

"போச்சுன்னா?"

"அடில கீறல் விட்டிருக்கு."

முள்கரண்டி நின்றது. "எத்தன?"

"மொத்தமும்."

"மொத்தமுமா?" நார்வல் அவளையே பார்த்தான். ஆர்டித் உப்பு எடுக்கிற சாக்கில் எழுந்து போனாள். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. கம்பியில் அவள் பார்த்துச் சொன்னதை இதுவரை அவன் திருப்பிக் கேட்டதே இல்லை. தட்டைக் காலி செய்தான், தன் தட்டைத் தானே கழுவினான், வானிலைச் செய்தி பார்த்தான். அந்த மௌனத்துக்கு அவன் கத்தியிருந்தாலே தேவலை என்று ஆர்டித்துக்கு இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள். நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் அவனிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அது.

மறுநாள் கிடங்கில் லாரிகள் வந்துகொண்டே இருந்தன. ஆர்டித் ஒருமுறைகூடக் கனவுக்குள் போகவில்லை. ஒவ்வொரு எடையும் சரியாக இருந்தது. மேலாளருக்கே சந்தேகம் வந்து, "ஆர்டித், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

சாயங்கால வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டாள். சமையலறை மேசையில் நார்வல் உட்கார்ந்திருந்தான். முன்னால் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் பித்தளைத் துண்டுகள். கூடுகளை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டி, இரும்பறுக்கும் ஆக்சா பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருந்தான். பட்டாணி உரித்த தோல் மாதிரி அவை மல்லாந்து கிடந்தன. உள்சுவர் நன்றாகத் தெரிந்தது.

கழித்த கூட்டை அறுத்துப் பார்ப்பது அங்கே எல்லோரும் செய்கிற காரியம். கீறல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, மருந்து அதிகமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அறுத்துப் பார்ப்பார்கள். மருந்து போடுகிறவன் நார்வல். மொத்தக் கூடும் கீறிவிட்டது என்றால் தன் கையில்தான் தப்பு என்று அவன் நினைத்திருப்பான். இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போயிற்று என்று ஆர்டித்துக்கு இருந்தது.

"உக்காரு," என்றான் நார்வல்.

உட்கார்ந்தாள். குளிர் அங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"மூணு அறுத்துப் பாத்தேன். ஒரு கோடு கெடையாது. நீயே பாரு."

"தெரியும்."

"தெரியுமா? தூக்கத்துல நசுக்கிட்டியோன்னு மொதல்ல நெனச்சேன். நீ பாட்டுக்கு எங்கயோ போயி..."

"முதல் ஒண்ணு மட்டும்தான் அப்படி. மிச்சம் எல்லாம் முழிச்சுக்கிட்டுதான் நசுக்கினேன். முழுசா இங்கதான் இருந்தேன், நார்வல்."

இனி சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமுடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ மேல போவ. ஒரு மரத்தடில உக்காருவ. எந்திரிக்க மாட்ட. கண்ண மூடினா அதான் வருது, முழிச்சிருந்தாலும் அதான் வருது. கஸ் வந்து என்கிட்ட தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு நிக்கப்போறான். எனக்குப் பயமா இருக்கு. போகாத. ஊரு என்ன வேணா பேர் வெச்சுக்கட்டும், போகாத."

கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசியதில்லை. சொல்லிவிட்டு, அவன் கோபத்துக்காகக் காத்திருந்தாள். நார்வல் ஒரு பாதிக் கூட்டை எடுத்துக் கட்டைவிரலால் அதன் சுவரைத் தடவிக்கொண்டிருந்தான்.

"முதல் கூட்ட அறுத்தப்போ கோவம் வந்துச்சு," என்றான். "அப்படிக் கோவம் வந்துச்சு. ரெண்டாவதுல புரிஞ்சுது. நீ எதுக்குப் பண்ணிருக்கேன்னு புரிஞ்சுது. அப்புறம் மூணாவத எடுத்து வைஸ்ல வெச்சேன்." கையிலிருந்த துண்டைச் செய்தித்தாள்மேல் வைத்தான். "இதுலயாவது ஒரு கீறல் இருந்துடக் கூடாதான்னு வேண்டிக்கிட்டேன், ஆர்டித்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போன மாசம் நீ வேலைக்குப் போனப்புறம் தண்ணித் தொட்டி மேட்டுல ஏறிப் பாத்தேன். எத்தனூண்டு மேடு அது, சின்னப் பசங்க சைக்கிள்ல ஏறுற மேடு. பாதில உக்காந்துட்டேன். ரொம்ப நேரம். ஒரு கார் வந்தது, நான் பூட்ஸ் கயிறக் கட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லல."

"நீ என்கிட்ட சொன்னியா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆர்டித்துக்குச் சிரிப்போடு கண்ணீரும் சேர்ந்து வந்தது. தினமும் கூடு முடிஞ்சுதா, கூடு முடிஞ்சுதா என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தது எதற்கு என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவசரப்படுத்துகிறான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்! இந்த மனிதனோ, இன்னும் முடியவில்லை என்ற பதிலுக்காகக் கேட்டிருக்கிறான்.

நார்வல் எழுந்து போய்ச் சுவரில் இருந்த போனை எடுத்தான். எண்ணைச் சுழற்றினான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"கஸ்? நான்தான்டா. இந்த வருஷம் நான் வரல... அட கேளு முதல்ல. கூடெல்லாம் போச்சு. அடில கீறல்... ஆமா, மொத்தமும். பழசுடா, எத்தனவாட்டிதான் தாங்கும்?... உன் துப்பாக்கியா? அடுத்தவன் பல்செட்ட வாங்கி மாட்டிக்கிட்டு நான் கறி திங்கமாட்டேன்... சேச்சே, சந்தேகமே இல்ல. ஆர்டித் கம்பி விட்டுப் பாத்துட்டா."

கஸ் எப்போதும் பழைய சுரங்கத்துக்குள் நின்று கூப்பிடுகிறவன்போலத்தான் போனில் பேசுவான். மேசை வரைக்கும் கேட்டது. "அவளே பாத்துட்டாளா? அப்ப சரி விடு. அவ கூட்ட நசுக்கினான்னா அதுல தப்பு இருக்காதுடா."

நார்வல் திரும்பி அவளைப் பார்த்தான்.

"இருக்காது," என்றான்.